செய்திக்குறிப்பும் ஊர் நிருபரும்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமையைப் பாதி நேரம் பேசுவது வழக்கம். அவரை என்னைவிட இந்தச் சிங்காரப்பேட்டைக்கு நன்றாகத் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சாயங்காலமானால் மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கச் செய்திக்குறிப்பும் சில படங்களும் வந்து விழும். ஆட்சியர் நேரில் ஆய்வு செய்தார், நலத்திட்ட உதவிகள் வழங்கினார், பணிகளை விரைந்து முடிக்க அறிவுறுத்தினார். மறுநாள் காலை நாளிதழ்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தலைப்பு மட்டும் மாறியிருக்கும். மூலத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால் அது எல்லாவற்றிலும் இருக்கும்.

இதைச் சொல்லி நிருபர்களைக் கேலி செய்வது சுலபம், நான் செய்யப்போவதில்லை. தாலுகா நிருபர் பலருக்கு நிலையான சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்குக் கொஞ்சம், விளம்பரம் பிடித்தால் கமிஷன். கட்சிப் பிரமுகரின் பிறந்த நாள் விளம்பரத்துக்குப் போய் நிற்கிற அதே ஆள், அந்தப் பிரமுகர் ஒப்பந்தம் எடுத்த சாலையின் ஜல்லியையும் கிளறிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் அவர் சொந்தச் செலவு. வசதி படைத்த இடங்களிலும் நிலைமை பிரமாதமில்லை. பிரிட்டனின் முன்னணி நாளிதழ்களைக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்ததை நிக் டேவிஸ் 2008-இல் தம் நூலில் எடுத்துக்காட்டினார். 60 விழுக்காடு செய்திகள் முழுவதுமோ பெரும்பகுதியோ செய்தி முகமைகளும் மக்கள் தொடர்பு நிறுவனங்களும் அனுப்பியவை. லண்டன் கதையே அப்படி.

செய்திக்குறிப்பை அப்படியே போடவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2024 டிசம்பர் முதல் நாட்களில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அதே இரவில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் சரிபார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே போட வேண்டும். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வேறொரு வேலை தொடங்குகிறது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. சொல்லாமல் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. பத்திரிகைகள் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டன; நடுநிலை என்று அதற்குப் பெயர். தென்பெண்ணைக் கரையில் பத்து வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்களுக்கு எப்போது தெரியும், யார் சொன்னார்கள்?’ என்று கேட்டிருந்தால் இரண்டில் எது உண்மை என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

தொழிற்சாலைச் செய்தியும் இந்த வகைதான். போச்சம்பள்ளி பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலைக்கு 2020 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டபோது 2,400 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை என்று படித்தோம். பின்னர், ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி வரை தயாரிக்கும் என்றும் படித்தோம். 2024-25 நிதியாண்டில் அந்த நிறுவனம் விற்றது சுமார் 3.6 லட்சம். திட்டம் தாமதமாவது குற்றமல்ல. ஆனால் அப்போது முதல் பக்கம் ஏறிய எண்களை, பிறகு எத்தனை உள்ளூர்ப் பதிப்புகள் திரும்பிப் பார்த்தன? ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஆலை வாசலில் நின்று, எந்த ஊர், எத்தனை மாத ஒப்பந்தம் என்று வெளியே வருகிறவர்களைக் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

காவல்துறைக் குறிப்புக்கு வந்தால் விளையாட்டுத்தனம் போய்விடுகிறது. கைதானவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று மாவுக்கட்டுப் படத்தோடு எத்தனை முறை வாசித்திருப்போம்! நாமும் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். 2020 ஜூனில் காவலில் இருந்த சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் இறந்தபோது மகனுக்கு மூச்சுத்திணறல், தந்தைக்கு உடல்நலக் குறைவு என்று அன்றைய முதலமைச்சரின் அறிக்கையே சொன்னது. பின்னால் சி.பி.ஐ. ஒன்பது போலீசார் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

சாத்தான்குளம் தூரம். வாச்சாத்தி பக்கம். 1992-இல் இந்த ஊரும் தருமபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 90 பெண்களும் 28 குழந்தைகளும் சிறைக்குப் போனார்கள். வெளியே வந்த அதிகாரபூர்வக் கதை வேறு: சந்தனக்கட்டை கடத்தும் கிராமம், சோதனைக்குப் போன ஊழியர்கள் மீது தாக்குதல். வீரப்பன் காலம் அது. சந்தனக்கட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. அரூரிலிருந்து சைக்கிளிலேயே போய்விடக்கூடிய ஊர். ஆள் இல்லாத தெருவும் உடைந்த ஓடுகளும் போனவர் யார் கண்ணிலும் பட்டிருக்கும். அந்த ஜூலையில் மலைவாழ் மக்கள் சங்கத்தார் போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு கேட்டது. தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் பாமதி வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995-இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீதி 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்குப் போனார். கட்டுக்கட்டாக ஆவணங்கள் மேசையில் இருந்தும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தச் செப்டம்பரில் தண்டனையை உறுதிசெய்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மூவர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். நம் மாவட்டச் செய்திகளில் பெரும்பங்கு எந்த அலுவலகங்களிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்த மூன்றும் முதல் வரிசையில் இருக்கும்.

ஆசிரியர் குழுக்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. குறிப்பை அப்படியே போடுவதானால், ‘இது இன்ன அலுவலகத்தின் குறிப்பு, நாங்கள் சரிபார்க்கவில்லை’ என்று மேலே ஒரு வரி போடுங்கள். நிருபரின் பெயரை அதற்குப் போடாதீர்கள்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரிடம் இன்னொன்று. அடுத்த ஆண்டு பொன்னாடை, மாலை, பேச்சாளர் காருக்கு ஆகும் தொகையை ஒரு தாலுகா நிருபரிடம் கொடுங்கள். ஏதாவது ஒரு செய்திக்குறிப்பை எடுத்துக்கொண்டு, அதில் சொன்ன இடத்துக்கு அவர் போய் வரட்டும். கூட்டத்தன்று இந்த மேடையில் ஏறி முதலில் குறிப்பைப் படிக்கட்டும், பிறகு பார்த்ததைச் சொல்லட்டும். கேட்க நானும் வருகிறேன், பேருந்தில்.