விழா முடிந்த பின் கண்டி

எசலப் பெரஹரா நிறைவெய்தி, யானைகள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி, வீதியோரத் தடைக் கயிறுகளும் அவிழ்க்கப்பட்ட பின்னர், கண்டி மாநகரில் ஓர் அமைதி வந்து படிகின்றது. முன்னைய வாரம் கால் வைக்க இடமின்றி இருந்த தலதா வீதியில் புறாக்கள் நடை பயில்கின்றன. இரு மடங்கு வாடகை கேட்ட விடுதிகளின் வாயிலில் 'அறைகள் உண்டு' என்னும் பலகை தொங்குகின்றது. புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை என மழை மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வழக்கிலே இதனைச் 'சீசன் இல்லாத காலம்' என்று சொல்லுகின்றோம். அக்காலத்துக் கண்டியைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

இப்பொருளை எனக்கு எடுத்துத் தந்தவன், ரொறன்ரோவில் வாழும் என் ஒன்றுவிட்ட தம்பி. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவன் ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தான். "அண்ணா, ஒக்டோபரில் எனக்கு மூன்று வாரம் விடுமுறை கிடைக்கும். பெரஹராவும் முடிந்திருக்கும், டிசெம்பரும் பிறந்திராது. அந்த இடைக்காலத்தில் கண்டியில் பார்ப்பதற்கு ஏதேனும் உண்டா?" என்பது கேள்வி. கூடவே ஒரு செய்தியும் இருந்தது. முந்திய ஆண்டு ஒக்டோபரில் அவன் குடும்பத்தோடு கரீபியன் கடலிலுள்ள பார்படோஸ் தீவுக்குச் சென்றானாம். பாதி வாடகை, ஆளில்லாக் கடற்கரை, சிரித்த முகத்தோடு பேச நேரமுள்ள மனிதர்கள். ஒரு கண் மட்டும் எப்பொழுதும் வானத்தின் மேல் இருக்க வேண்டுமாம். அப்பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். வட அமெரிக்காவில் பனி கொட்டும் டிசெம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையே அத்தீவுகளுக்குச் 'சீசன்'.

இதனைப் படித்தபொழுது எனக்கு ஒன்று தோன்றிற்று. சீசன் என்பது போகும் ஊரின் பருவம் அன்று. புறப்படும் ஊரின் பருவம். வெள்ளைக்காரருக்குக் குளிர் தாங்காத மாதங்களே பார்படோஸுக்கும் நமக்கும் நல்ல மாதங்கள் ஆகிவிட்டன. நம் நாட்டிலோ இரு பருவக்காற்றுகள் மாறி மாறி வீசுவதால், மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும்போது திருகோணமலையிலும் அறுகம்பேயிலும் கடல் அமைதியாய் இருக்கும். ஆகவே ஆண்டின் எந்த நாளிலும் இத்தீவின் ஏதோ ஒரு மூலைக்குச் சீசன் உண்டு. ஏதோ ஒரு மூலை வெறிச்சோடிக் கிடப்பதும் உண்டு. 2024ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டார் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர். ஆயினும் டிசெம்பரில் வந்தோர் தொகை செப்டெம்பரில் வந்தோர் தொகையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

விருந்தினர் பருவத்தைத் தேடி வருவது ஒருபுறமிருக்க, பருவமே விருந்தினரைத் தேடிப் போன கதையும் கண்டியில் உண்டு. 1922ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்தார். எசல மாதம் வரை அவர் காத்திருப்பாரா? மார்ச்சு மாதத்திலேயே அவருக்காக ஒரு பெரஹரா நடத்திக் காட்டினார்கள். அதனைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்களுள் ஆங்கில எழுத்தாளர் டி. எச். லோரன்சும் ஒருவர். யானையைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதினார். ஆனால் கண்டியின் வெக்கை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களில் புறப்பட்டுவிட்டார். அவர் வந்தது சுற்றுலா நூல்கள் மெச்சும் வறண்ட மாதங்களில் என்பதை நான் தம்பிக்கு மறவாமல் எழுதினேன்.

அவன் வந்தான். மனைவியும் மகளும் உடன் வந்தார்கள்.

ஐப்பசி மழையைப் பற்றி அறியாதார் அதற்கு வீணே அஞ்சுவர். பருவக்காற்றுகள் இரண்டுக்கும் இடைப்பட்ட இக்காலத்தில், பெரும்பாலான நாள்களில் காலைப்பொழுது கண்ணாடி போல் தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவுகளில் முகில் திரளும்; பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு மழை இறங்கும்; இரவு பிறக்குமுன் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஐந்தரை மணிக்கு எழக்கூடியவர்க்கு இம்மாதங்களில் குறை ஒன்றும் இல்லை. ஒன்பது மணி வரை உறங்குவோர் டிசெம்பரில் வருவதே நன்று.

முதல் நாட்காலை வாவியைச் சுற்றி நடந்தோம். நாயக்க மன்னர் நால்வருள் கடைசியானவனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வயல்வெளியாய்க் கிடந்த இடத்தை அணைகட்டி 1812ஆம் ஆண்டளவில் வாவியாக்கினான். கரையிலுள்ள மேகச் சுவர் முற்றுப்பெறுமுன் 1815ஆம் ஆண்டில் நாடு பறிபோயிற்று. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832ஆம் ஆண்டில் அங்கேயே மாண்டான். இதனை நான் இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகின்றேன். அன்று வாவிக்கரையில் எங்களைத் தவிர நாலைந்து பேரே இருந்தனர். தம்பியின் மகள் சுவர் நின்றுபோன இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதற்கப்பால் கட்ட வேண்டுமென்று பிறகு ஒருவரும் நினைக்கவில்லையா?" என்று கேட்டாள். என் மாணவர் எவரும் கேட்டிராத கேள்வி அது. விடை எனக்கும் தெரியவில்லை.

பேராதனைப் பூங்காவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோட, 147 ஏக்கரில் 1821ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் அத்தோட்டம் மழையிலேதான் தோட்டமாய் இருக்கின்றது. உடவத்தகலைக் காட்டைப் பற்றி மாத்திரம் ஓர் எச்சரிக்கை. அரண்மனைக்கு மேலிருந்த அரசர் தோட்டமே இன்று காப்புக்காடாகியிருக்கின்றது. மழை மாதங்களில் அங்கே விருந்தினரை வரவேற்பவை அட்டைகள். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போதல் வேண்டும். தம்பி கனடாவிலிருந்து விலையுயர்ந்த மருந்தொன்று கொண்டுவந்திருந்தான்; அட்டைகள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் லங்காதிலகத்துக்குச் சென்றோம். பதினான்காம் நூற்றாண்டில், நாலாம் புவனேகபாகுவின் காலத்தில், பாறை முகட்டின்மேல் எழுந்த கோயில் அது. அதற்கு அண்மையிலுள்ள கடலாதெனியக் கோயிலை அமைத்த சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னாட்டவன் என்பர். லங்காதிலகத்துப் பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் பயின்ற நாளிலேயே இதனை நான் அறிவேன். ஆயின் மாணவர்களை அழைத்துக்கொண்டு சீசன் காலத்தில் போன போதெல்லாம், பின்னால் நிற்கும் கூட்டம் முன்னே தள்ளிக்கொண்டு போய்விடும். அன்று எங்களைத் தவிர எவரும் இல்லை. காவலாளி ஒருவர் குடையோடு வந்து, பூவரசம் இலைகளைத் துடைப்பத்தால் ஒதுக்கிப் பாறையைக் காட்டினார். தேய்ந்த எழுத்துகள், முழுவதையும் படிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. ஆனால் இடையிடையே ஓர் எழுத்து, ஒரு சொல் என இனங்கண்டு, தம்பியின் மகளுக்குச் சொல்லச் சொல்ல, அவளும் குனிந்து விரலால் வரைந்து பார்த்தாள். அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முந்திய தமிழ், ரொறன்ரோவில் சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளை, குடை பிடித்தபடி காத்திருக்கும் சிங்களக் காவலாளி. ஒரு மணி நேரம் அங்கே இருந்தோம். கூட்டக் காலத்தில் பத்து நிமிடமும் கிடைத்திராது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத் தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றபோது இன்னொரு சீசனைப் பற்றிப் பேச்சு வந்தது. கண்டி மலைகளில் தேயிலைக்கு முன் காப்பி இருந்தது. காப்பிப் பழம் பறிக்க ஆள் வேண்டியது ஆண்டில் சில மாதங்களுக்கே. ஆதலால் நம் முன்னோர் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்து, பறிப்பு முடிந்ததும் கூலியோடு திரும்பினர். வழியிலேயே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வீழ்ந்தவர் பலர். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் காப்பியைத் தின்னத் தொடங்கியதும் எல்லாவற்றையும் மாற்றின. தேயிலைக் கொழுந்துக்குச் சீசன் இல்லை. ஆண்டு முழுவதும் துளிர்க்கும். பருவத்துக்கு வந்து போனவர்கள் அதன் பின்னரே இங்கே குடியானார்கள். "அப்படியென்றால் நாங்கள்தாம் கண்டியின் முதல் சீசன்காரர்" என்றான் தம்பி. சிரிப்பதற்காகச் சொன்னானெனினும் நான் சிரிக்கவில்லை.

இனி, சொல்லக் கூசும் ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் தங்கியிருந்தது, வாவிக்கு மேலே மலைச்சரிவில் என் பழைய மாணவர் ஒருவர் நடத்தும் நான்கு அறை விடுதியில். அந்த மாதத்துக்கு வாடகையை அவர் ஏற்கெனவே பாதியாக்கியிருந்தார். தம்பி, பார்படோஸில் கற்ற பாடத்தை நினைத்தோ என்னவோ, "எப்படியும் அறை வெறுமையாய்த்தானே கிடக்கப் போகிறது, இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே" என்று கேட்டிருக்கின்றான். அவரும் குறைத்துவிட்டார். என் முகத்துக்காகக் குறைத்தாரென்பது பிறகே தெரிந்தது. புறப்படும் நாளுக்கு முன் நான் அவரைத் தனியே கேட்டபோது, "சேர், வேலைக்கார அம்மாவைச் செப்டெம்பரில் நிறுத்திவிட்டேன். சமையலும் துணி துவைப்பதும் இப்போது நானும் மனைவியும்தான். டிசெம்பரில் அவவைத் திரும்பக் கூப்பிடுவேன்" என்றார்.

அந்த அம்மாவின் மகன் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். என் மேசையிலுள்ள வரவுப் பதிவேட்டை விரித்தால் இந்நகரின் சீசனைப் பார்க்கலாம். பெரஹராவை ஒட்டிய நாள்களில் சில பெயர்களுக்கு நேரே சிவப்புக் கோடு: பிள்ளைகள் பூவும் கச்சானும் விற்கப் போயிருப்பர். ஐப்பசி கார்த்திகையில் அதே பெயர்களுக்கு மீண்டும் சிவப்புக் கோடு: அப்போது பஸ்ஸுக்குப் பணம் இராது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின், மே மாதம் முழுவதிலும் இந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டார் 38 ஆயிரத்துக்கும் குறைவு. கொரோனாக் காலமாகிய 2021ஆம் ஆண்டு முழுவதற்குமே இரண்டு இலட்சம் பேர் வரவில்லை. அவ்வாண்டுகளின் பதிவேடுகளை நான் பத்திரமாய் வைத்திருக்கின்றேன்.

இதனைத் தம்பியிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. புறப்படும் காலை விடுதிக் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்து, "முதலில் சொன்ன வாடகையையே கொடுத்துவிட்டேன், அண்ணா. வாங்க மாட்டேனென்றார். கதிரையில் வைத்துவிட்டு வந்தேன்" என்றான்.

மழைக்காலத்தை இவ்வளவு புகழ்ந்த நான், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. டித்வா புயல் இத்தீவின்மேல் கடந்தபோது நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் சரிந்து வீடுகளை மூடின. பாதைகளும் புகைவண்டிப் பாதையும் துண்டிக்கப்பட்டன. சரிவில் இருந்தோர் பலர் அவ்விரவுகளில் பள்ளிக்கூட மண்டபங்களில் உறங்கினர். இம்மாதங்களில் மலைநாட்டுக்கு வருவோர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையை நாள்தோறும் கேட்டறிதல் வேண்டும். எச்சரிக்கை உள்ள இடத்தில் எவ்வளவு மலிவாய் அறை கிடைத்தாலும் தங்குதல் கூடாது. நான்கைந்து நாள் விடாது பெய்த பின் காட்டுப் பாதைகளையும் அருவிகளையும் விட்டு, நகருக்குள்ளே இருத்தல் நன்று.

புயலின் மறுவாரம் தம்பி தொலைபேசியில் அழைத்தான். எங்கள் நலம் கேட்டபின் விடுதியைப் பற்றிக் கேட்டான். கட்டடத்துக்குப் பின்னாலுள்ள தாங்குசுவர் சரிந்து ஓர் அறை சேறாகிவிட்டதையும், ஆளுக்குச் சேதமில்லை என்பதையும் சொன்னேன். டிசெம்பருக்கென்று பதிவு செய்திருந்தோர் எல்லாரும் விலகிவிட்டனர் என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டாரா?" என்று கேட்டான்.

கூப்பிட்டிருந்தார். சேற்றை அள்ளுவதற்கு.