சீட்டாட்ட மேசையில் அமர்ந்த அரசு

(பெங்களூருவில் தமிழ்த் தொழிலாளர் தோழர்களுக்கு நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போது, ‘இது தனிமனித ஒழுக்கம் சார்ந்த விஷயம், தொழிற்சங்கத்திற்கு இதில் என்ன வேலை?’ என்று ஒரு கேள்வி எழுகிறது. பீன்யாவின் பட்டறைகளிலும் பொம்மசந்திராவின் தொழிற்கூடங்களிலும் பணிபுரியும் இளந்தொழிலாளியின் கைப்பேசியைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கூலி வந்து சேர்வதும் ரம்மி மேசைக்குப் போவதும் அதே கருவியில்தான். இரண்டுக்கும் இடையே ஒரு விரல் அசைவுதான் தூரம். கூலியைக் கறக்கும் ஏற்பாடு எதுவாயினும் அது வர்க்கப் பிரச்சினையே.

பழைய கூடம், புதிய கூடம்

பெங்களூருவுக்கு இது புதிதன்று. கைப்பேசி வருவதற்கு முன்பே இந்நகரில் வீடியோ விளையாட்டுக் கூடங்கள் பெருகியிருந்தன. அவற்றை 1989ஆம் ஆண்டின் பொதுக் கேளிக்கை இடங்களுக்கான உரிம ஆணையின்கீழ் கொண்டுவந்தபோது, உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு என்னும் அவ்வழக்கில் 1995இல் தீர்ப்பு வந்தது. உரிமம் பெறச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றது நீதிமன்றம். பொறியைத் திருத்தியமைத்து ஆடுபவரின் வெற்றி வாய்ப்பைக் குறைக்க முடியும் என்பதும் அங்கே கவனத்திற்கு வந்தது. ஆடுபவரின் திறமை எவ்வளவாயினும், பொறி யார் கையில் இருக்கிறதோ அவரே ஆட்டத்தின் எசமானர்.

ஆனால் சட்டம் வேறொரு கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்தது. ஆட்டம் திறனால் வெல்லப்படுவதா, வாய்ப்பால் வெல்லப்படுவதா? 1957இல் சமர்பாக்வாலா வழக்கு இந்தப் பிரிவினையை நிலைநாட்டியது. 1968இல் சத்யநாராயணா வழக்கில் ரம்மி பெரும்பாலும் திறன் ஆட்டம் எனப்பட்டது. 1996இல் லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறன் பட்டியலில் சேர்ந்தது. மனமகிழ் மன்றத்தில் நான்கு பேர் உட்கார்ந்து ஆடிய ரம்மிக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பை, இலட்சக்கணக்கானோரை ஒரே நேரத்தில் மேசைக்கு அழைக்கும் நிறுவனங்கள் கேடயமாக்கிக்கொண்டன.

திறன் ஆட்டமாகவே இருக்கட்டும். மேசையில் சுழலும் பணத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுவனம் பத்து விழுக்காடு எடுத்துக்கொள்வதாக வைத்துக் கணக்கிடுவோம். ஆடுவோர் கொண்டுவந்த 100 ரூபாய் முதல் சுற்றில் 90 ஆகும். அடுத்து 81 ஆகும். ஏழாம் சுற்று முடிகையில் 48 ரூபாய்கூட மிஞ்சாது. பத்தாம் சுற்றில் 35 ரூபாய்க்குக் கீழே போய்விடும். யார் வென்றார், யார் தோற்றார் என்பது மிச்சத்தைப் பங்கிடும் விவகாரம் மட்டுமே. ஒருவரின் திறன் இன்னொருவரின் பையிலிருந்து எடுத்துத் தரலாம். மேசையின் மொத்தத் தொகையை அது ஒரு காசும் கூட்டாது. ஆட்டத்தில் தோற்காத ஒரே தரப்பு, ஆடாத தரப்பு.

வெகுமதி என்னும் தூண்டில்

இதனால்தான் எப்போதாவது ஆடுபவரைவிட அன்றாடம் ஆடுபவரே நிறுவனத்திற்கு அருமையானவர். உலகெங்கும் சூதாட்ட விடுதிகள் அவருக்காகவே வெகுமதித் திட்டங்களை வகுத்துள்ளன: செலுத்தும் பணயத்திற்கு ஏற்பப் புள்ளிகள், புள்ளிகளுக்கு ஏற்ப இலவச உணவு, தங்கும் அறை, உயர்நிலை உறுப்பினர் பட்டம். கோவாவின் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் நடப்பதும் இதுவே. 1976ஆம் ஆண்டின் கோவா சூதாட்டச் சட்டம் 1990களில் திருத்தப்பட்டு, நட்சத்திர விடுதிகளில் சூதாட்டப் பொறிகளுக்கும், கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழி திறக்கப்பட்டது.

கைப்பேசிச் செயலிகள் இந்த வித்தையைப் பத்து ரூபாய் ஆட்டக்காரர்வரை இறக்கின. சேர்ந்தவுடன் வரவேற்பு போனஸ். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆட ஆடத்தான் துளித்துளியாக அது விடுவிக்கப்படும். தோற்றால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்; அதுவும் மீண்டும் ஆடுவதற்கே. நண்பரை அழைத்துவந்தால் தனிப் பரிசு. வெள்ளி, தங்கம், வைரம் என்று படிநிலைகள். சில நாள் ஆடாதிருந்தால் குறுஞ்செய்தி வந்து கதவைத் தட்டும். இந்தச் சலுகைகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? மேசையில் எடுத்த பங்கிலிருந்துதான். பறித்த கூலியில் ஒரு சிறு துண்டு, மேலும் பறிப்பதற்கான இரையாகத் தூண்டிலில் கோக்கப்படுகிறது.

வரியின் கணக்கு

இனி அரசு எங்கே வருகிறது என்று பார்ப்போம். 2023 ஏப்ரல் 1 முதல், இணைய ஆட்டங்களின் நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு வருமான வரி பிடிக்கப்படுகிறது. பணத்தை எடுக்கும்போதோ நிதியாண்டின் முடிவிலோ நிறுவனமே அதைப் பிடித்துச் செலுத்த வேண்டும். முன்பிருந்த 10,000 ரூபாய் வரம்பு இதற்கு இல்லை. அடிப்படை விலக்கு வரம்பும் இந்த வருமானத்திற்குப் பொருந்தாது. மாதம் 15,000 ரூபாய் கூலி பெறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கோடீசுவரருக்கும் ஒரே விகிதம்.

ஒருவர் ஒரு செயலியில் ஓராண்டில் நிகரமாக 50,000 ரூபாய் வென்று, மற்றொன்றில் 60,000 ரூபாய் இழந்தார் என்று கொள்வோம். உண்மையில் அவர் 10,000 ரூபாய் இழந்தவர். ஆனால் முதல் செயலியின் வெற்றிக்கு 15,000 ரூபாய் வரியும் அதன்மீது செஸ்ஸும் உண்டு. ஒரு செயலியின் இழப்பை மற்றொன்றின் வெற்றியில் கழிக்கவோ, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவோ சட்டத்தில் இடமில்லை. பெருநிறுவனங்கள் தம் வணிக இழப்பை ஆண்டுக்கணக்கில் முன்கொண்டுசென்று வரியைக் குறைத்துக்கொள்ளும் நாடு இது என்பதை மறக்கலாகாது.

அடுத்தது ஜி.எஸ்.டி. நிறுவனங்கள் தமது கட்டணத்தின் மீது மட்டும் 18 விழுக்காடு செலுத்திவந்தன. பணயத் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு தர வேண்டும் என்றது வரித்துறை. பெங்களூருவைச் சேர்ந்த கேம்ஸ்கிராஃப்ட் நிறுவனத்திற்கு 2022 செப்டம்பரில் வந்த அறிவிப்பில் குறிக்கப்பட்ட தொகை 20,989 கோடி ரூபாய். கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 மே 11 அன்று அதை இரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

2023 அக்டோபர் 1 முதல் சட்டம் திருத்தப்பட்டு, ஆடுபவர் செலுத்தும் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு என்றானது. வரியையும் உள்ளடக்கி 100 ரூபாய் செலுத்தினால் ஏறத்தாழ 21 ரூபாய 88 காசு வரியாகும். 78 ரூபாய் சொச்சமே ஆட்டத்திற்கு மிஞ்சும். இந்த உறைப்பு ஆட்டக்காரரைத் தடுத்திருக்கலாம். அப்படி நடந்துவிடாமலிருக்க, பல நிறுவனங்கள் வரிக்கு ஈடான தொகையைப் போனஸ் புள்ளிகளாகத் திருப்பித் தந்தன. வரி என்னும் வேகத்தடையை வெகுமதித் திட்டம் சமன்செய்துவிட்டது.

விளைவு? ஆறே மாதத்தில் இணைய ஆட்டங்களின் ஜி.எஸ்.டி. வருவாய் 1,349 கோடியிலிருந்து 6,909 கோடி ரூபாயாக, அதாவது 412 விழுக்காடு உயர்ந்ததென 2024 செப்டம்பரில் ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்தார். அது சாதனையாகச் சொல்லப்பட்டது. மேசையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போடப்பட்டு, அதில் அரசு அமர்ந்துகொண்டது.

மாநிலங்களின் உரிமை

சூதாட்டம் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம். கர்நாடகம் 2021இல் காவல் சட்டத்தைத் திருத்திப் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. 2022 பிப்ரவரி 14 அன்று உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை இரத்து செய்தது. தமிழ்நாட்டின் முதல் சட்டமும் 2021 ஆகஸ்டில் இதே கதிக்கு ஆளானது. தற்கொலைச் செய்திகள் தொடர்ந்த நிலையில், நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை ஒட்டி 2022 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என். ரவி அதை மாதக்கணக்கில் வைத்திருந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது.

அதே 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு செய்தது என்ன? தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தொழில்துறையின் சுயஒழுங்கு அமைப்புகள் அனுமதிக்கும் பண ஆட்டங்கள் நடக்கலாம் என்றது. இரண்டே ஆண்டுகளில் தலைகீழாகத் திரும்பி, 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் இரு அவைகளிலும் முழுத் தடைச் சட்டத்தை விரைந்து நிறைவேற்றியது. மறுநாளே குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 45 கோடி மக்கள் பாதிக்கப்பட்டு, ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய்க்குமேல் இழக்கிறார்கள் என்று அரசே மதிப்பீடு சொன்னது. அப்படியானால் 412 விழுக்காட்டைக் கொண்டாடிய நாளில் அந்த மக்கள் எங்கே இருந்தார்கள்?

ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் விதிக்கும் இச்சட்டம், ஆடுபவரைக் குற்றவாளியாக்கவில்லை. இது வரவேற்கத்தக்கது. சட்டத்தை எதிர்த்து ஒரு நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்தை நாடியது. பின்னர் வழக்குகள் உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன. பெருநிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. பெங்களூருவில் அவற்றில் வேலைபார்த்த பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இலாபத்தைச் சேர்த்துக்கொண்டவர்கள் இழப்பை ஊழியர் தலையில் இறக்கினார்கள். தடையை ஆதரிக்கும் அதே குரல் இந்த ஊழியர்களின் இழப்பீட்டையும் கோர வேண்டும்.

நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி

தோழர்களே, இந்த வாதத்தை வெளியே வைக்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: ‘கேரளத்தில் லாட்டரியைத் தொடங்கியதே உங்கள் அரசுதானே?’ உண்மை. 1967இல் ஈ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவைக் காலத்தில்தான் அது தொடங்கியது. தமிழ்நாடு 2003இலும் கர்நாடகம் 2007இலும் லாட்டரியை ஒழித்துவிட்டன. கேரளத்தில் அது தனியாரின் கையில் இல்லை. விற்போரில் மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் பலர். வருவாய் பொதுக் கருவூலத்திற்குச் செல்கிறது. இந்த வேறுபாடுகள் உண்மையானவை. ஆனால் சீட்டு வாங்குபவரும் பெரும்பாலும் ஏழை உழைப்பாளிதான் என்பதும் உண்மை. வரி விதிக்கும் அதிகாரத்தை ஜி.எஸ்.டி.யிடம் இழந்த மாநிலங்கள் மதுவையும் லாட்டரியையும் நம்பிப் பிழைக்கும் நிலை ஏன் வந்தது என்று கேட்பது சரியே. அந்தக் கேள்வி நம் பக்கத்துப் பொறுப்பை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

கிளைகளின் பணி

தடைச் சட்டம் வந்தவுடன் நோய் தீர்ந்துவிடவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் வேறு வேறு பெயர்களில் முளைக்கின்றன. அங்கே வரியும் இல்லை, முறையீடும் இல்லை. ஆட்டத்தில் இழந்தவர் கடன் செயலியிடம் சிக்குகிறார். அவர் முதலில் இழப்பது பணத்தை. அடுத்து இழப்பது அதைச் சொல்லும் துணிவை. தோழர்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

குற்றம் சாட்டாமல் கேட்க வேண்டும். ஆடியதற்காகச் சட்டம் தண்டிக்காது என்பதைச் சொல்ல வேண்டும். செயலியின் கணக்கு அறிக்கையையும் வங்கி அறிக்கையையும் பத்திரப்படுத்தச் செய்து, பிடிக்கப்பட்ட வரி அவர் பெயரில் வரவாகியுள்ளதா என்று சரிபார்க்க உதவ வேண்டும். இந்நகரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்ப அடிமைத்தனத்திற்கென்றே 2014 முதல் ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது. இவ்விரண்டும் ஒவ்வொரு சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பட வேண்டும்.

கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். ஆட்டத்திலிருந்து ஈட்டிய ஜி.எஸ்.டி. வருவாயில் ஒரு பகுதியைச் சிகிச்சைக்கும் கடன் நிவாரணத்திற்கும் ஒதுக்க வேண்டும். சூதாட்டத்தை முறைப்படுத்தும் மாநிலங்களின் அதிகாரம் காக்கப்பட வேண்டும். வேலையிழந்த ஊழியர்களுக்கு இழப்பீடு வேண்டும்.

இவை அனைத்திற்கும் அடியில் இருப்பது கூலிப் பிரச்சினை. பன்னிரண்டு மணிநேரம் உழைத்தும் வாடகை கட்ட முடியாத இளைஞனுக்கு, ஒரே இரவில் கடனை அடைக்கலாம் என்ற ஆசை காட்டப்படுகிறது. அந்த ஆசையை அறிவுரையால் மட்டும் வெல்ல முடியாது. வாழத் தகுந்த கூலியும் நிரந்தர வேலையும் அவற்றுக்காகப் போராடும் சங்கமும் அவனுக்குக் கிடைக்க வேண்டும். அந்த மேசையிலிருந்து அவனை எழுப்பி அழைத்துவரும் கை, தோழரின் கையாக இருக்கட்டும்.