கடற்பஞ்சும் அதன் குடியிருப்பாளரும்

மன்னார்க் குடாக்கடல் என்றதும் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது முத்தே. 1902ஆம் ஆண்டில், முத்துப்பார்கள் பல்லாண்டுகளாக வரண்டு கிடந்தமையின் காரணத்தை ஆராயுமாறு இலங்கை அரசினர் லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் ஹேர்ட்மனை வரவழைத்தனர். சிப்பிகளை ஆராய வந்த அவர், அவற்றோடு அக்கடலடியில் வாழ்ந்த ஏனைய உயிர்களையும் திரட்டிச் சென்றார். அவற்றுள் எவரும் விலை பேசாத கடற்பஞ்சுகளும் இருந்தன. அப்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி என்னும் அறிஞர் வகைப்படுத்தி எழுதிய அறிக்கை 1905இல் வெளிவந்தது. உருவம், நிறம், உடலினுள் உள்ள நுண்முட்களின் அமைப்பு ஆகியவற்றை அவர் நுணுகி ஆராய்ந்தார். ஆயின், அப்பஞ்சுகளினுள்ளே குடியிருப்போர் யாவர் என்னும் வினா அக்காலத்தில் எழவில்லை. இன்று மருத்துவ உலகம் எழுப்பும் வினா அதுவே.

கடற்பஞ்சு பார்வைக்குச் செடிபோல் இருப்பினும் உண்மையில் ஒரு விலங்கு. அதற்கு வாயில்லை, வயிறில்லை, இதயமில்லை, மூளையுமில்லை. உடலெங்கும் நுண்டுளைகள் உள்ளன. அவற்றின் வழியே கடல்நீரை உள்ளே இழுத்து, அதில் மிதந்துவரும் நுண்ணுயிர்களை உணவாகக் கொண்டு, எஞ்சிய நீரை வெளியே தள்ளுகிறது. ஒரு கிலோகிராம் எடையுள்ள பஞ்சு ஒரு நாளில் பல்லாயிரம் லீற்றர் நீரை இவ்வாறு வடிக்க வல்லது. வியப்பு யாதெனில், நுண்ணுயிரை உண்டு வாழும் இவ்விலங்கு, வேறு சில நுண்ணுயிர்களைச் செரிக்காது தன் உடலிலேயே குடிவைத்திருப்பதுதான். சில இனங்களில் உடற்பொருளின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டது இக்குடிகளே. வீட்டுக்காரரின் எடையில் பாதிக்கு மேற்பட்டதாகக் குடியிருப்பாளரின் எடை நிற்கிறது எனலாம்.

இக்கூட்டு வாழ்க்கையில் இருசாராருக்கும் பயனுண்டு. பாறையில் ஒட்டிக் கிடக்கும் பஞ்சு பகைவர் வந்தால் ஓடவியலாது. அதற்கு ஓடுமில்லை, நகமுமில்லை. ஆகவே நஞ்சே அதன் படைக்கலம். மீனின் வாயைக் கசக்கச் செய்யும் பொருள்களும், அயலில் வளரும் உயிர்களை அடக்கும் பொருள்களும் அதன் உடலில் நிறைந்துள்ளன. பெருகும் உயிரணுவை அடக்க வல்ல நஞ்சு, அளவறிந்து கொடுக்கப்படின், கட்டின்றிப் பெருகும் புற்றுநோய் அணுவையும் அடக்குமன்றோ?

இவ்வழியில் முதற் சுவடு பதித்தவர் வேர்ணர் பேர்க்மன். 1945இல் புளோரிடாக் கரையோரத்தில் திரட்டப்பட்ட ஒரு பஞ்சிலிருந்து அவர் விந்தையான நியூக்கிளியோசைட்டுகளைப் பிரித்தெடுத்தார். பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ.யின் உறுப்புகளை ஒத்திருந்தும், வெல்லப் பகுதியில் மட்டும் வேறுபட்டவை அவை. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு பின்னர் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட சைற்றராபின் என்னும் மருந்து 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது.

ஆயினும் எல்லாப் பொருளும் அத்துணை எளிதில் கைக்கு வருவதில்லை. யப்பானியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து 1986இல் அறியப்பட்ட ஹலிகொண்ட்ரின் என்னும் பொருள் புற்றணுக்களை மிகச் சிறிய அளவிலேயே அடக்கியது. ஆனால் ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவைப் பெறுவதற்காக நியூசிலாந்துக் கடலிலிருந்து ஒரு தொன் பஞ்சு எடுக்கப்பட்டபோது, கிடைத்த ஹலிகொண்ட்ரின் ‘பி’ ஏறத்தாழ 300 மில்லிகிராம் மட்டுமே. அதாவது ஒரு சிட்டிகை. உலகெங்குமுள்ள நோயாளர்க்கு இம்முறையில் மருந்தெடுக்கப் புகுந்தால் நோய் ஒழியுமுன் பஞ்சினம் ஒழிந்துவிடும். நல்வினையாக, ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஷியின் குழுவினர் 1992இல் அதனை முற்றாகச் செயற்கையில் ஆக்கிக் காட்டினர். அம்மூலக்கூற்றின் ஒரு பகுதியைத் தழுவி எழுந்த எரிபுலின் என்னும் மருந்து 2010இல் மார்புப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இத்தகைய மூலக்கூறுகளைச் செயற்கையாக ஆக்குவதோ பல பத்துப் படிகளைக் கொண்ட, பெரும் பொருட்செலவுள்ள வேலை.

இங்கேதான் குடியிருப்பாளரைப் பற்றிய வினா முன்வருகிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பஞ்சுகளில் ஒரே பொருள் காணப்படுவானேன்? ஆக்குவது பஞ்சன்று, அவற்றினுள் வாழும் நுண்ணுயிரே என்னும் ஐயம் நெடுநாளாக இருந்துவந்தது. அவ்வையத்துக்கு வலுவான சான்றொன்று 2014இல் கிடைத்தது. யப்பானியக் கடலில் வாழும் தியோனெல்லா என்னும் பஞ்சினை ஆராய்ந்த பேராசிரியர் பீலும் அவர்தம் தோழரும், அதன் உடலில் வாழும் நூல் வடிவான ஒரு பற்றீரியாவைப் பிரித்து, அதன் பரம்பரை எழுத்துகளைப் படித்தனர். அவ்வெழுத்துகள் தொண்ணூறு இலட்சத்துக்கு மேற்பட்டவை. அப்பஞ்சுக்கே உரியன எனப் பலகாலம் கருதப்பட்ட மருந்துத்தன்மையுள்ள பொருள்களுள் ஏறக்குறைய யாவற்றையும் ஆக்கும் கட்டளைகள் அப்பற்றீரியாவிலேயே பொதிந்திருந்தன. வீட்டின் பெயரில் விற்பனையானது குடியிருப்பாளரின் கைவினை எனத் தெளிவாயிற்று.

அப்படியாயின் அப்பற்றீரியாவைத் தனியே வளர்த்தாற் போதுமே எனத் தோன்றும். தடை அங்கேதான் இருக்கிறது. பஞ்சில் வாழும் நுண்ணுயிர்களுட் பெரும்பாலானவை ஆய்வுகூடத் தட்டில் வளர மறுக்கின்றன. அத்தட்டின் வரலாறும் கடலோடு தொடர்புடையதே. நுண்ணுயிர்களை வளர்க்க முற்காலத்தில் பயன்பட்ட விலங்குப்பசை வெம்மையில் உருகியது. சில பற்றீரியாக்கள் அதனைச் செரித்தும் விட்டன. 1881இல் ஜெர்மனியில், றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹெசவின் மனைவி ஃபானி ஹெச, தம் சமையலறையில் வழங்கிய ஏகாரைப் பயன்படுத்துமாறு கூறினார். ஏகார் என்பது சிவப்புக் கடற்பாசியைக் கொதிக்கவைத்து எடுக்கும் களி. நோன்புக் காலத்து இனிப்பாக இலங்கையர் அறிந்த கடற்பாசி இதுவே. புத்தளக் களப்பிலும் திருகோணமலையிலும் விளையும் பாசியொன்று ‘சிலோன் மொஸ்’ என்னும் பெயரில் முற்காலத்தில் பிறநாடுகளுக்கும் சென்றது. நுண்ணுயிரியல் என்னும் துறையே கடற்பாசியின் மேல் வளர்ந்தது என்பது மிகையன்று.

கடற்பாசியும் தன் நுண்ணுயிர்களின்றி வாழ்வதில்லை. கரையோரப் பாறைகளில் இலைபோற் படரும் பச்சைப்பாசியிலிருந்து பற்றீரியாக்களை முற்றாக அகற்றி வளர்த்தால், அது இலையுருவை இழந்து வெறும் அணுத்திரளாகிறது. அவ்வுருவைத் தரும் பொருளொன்றை யப்பானிய ஆய்வாளர் 2005இல் ஒரு பற்றீரியாவிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்னுஞ் சில பற்றீரியாக்கள் பாசியின் கடினமான மாப்பொருள்களை அறுக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன. சிவப்புப்பாசியின் போர்பிரன் என்னும் பொருளை அறுக்கும் நொதியம் ஒன்றைப் பிரான்சிய ஆய்வாளர் 2010இல் ஒரு கடற் பற்றீரியாவிற் கண்டனர். அதற்குரிய பரம்பரையலகு யப்பானியரின் குடலில் வாழும் பற்றீரியாவிலும் இருந்தது. ஒப்பிட்டு நோக்கப்பட்ட வட அமெரிக்கரிடம் அது காணப்படவில்லை. வழிவழியாகப் பாசியை உண்டவர்களின் குடலுக்கு, கடலின் நொதியமும் உணவோடு உணவாக வந்து சேர்ந்தது போலும். இத்தகைய நொதியங்கள் கைவசமாயின், உணவுப்பயிர் நிலத்தைத் தொடாமலே கடற்பாசியிலிருந்து வெல்லமும் எரிபொருளும் ஆக்கும் வழி திறக்கும்.

பஞ்சின் குடிகளையும் வசப்படுத்தும் வழியாக இன்று கருதப்படுவது, உயிரையன்றி அதன் கட்டளையை மட்டும் எடுத்துவருதலாம். பரம்பரை எழுத்துகளைப் படித்து, எளிதில் வளரும் வேறொரு நுண்ணுயிரில் அவற்றைப் புகுத்தி, வேண்டிய பொருளை அதனைக்கொண்டு ஆக்குவித்தல் இதன் நோக்கம். நீண்ட கட்டளைத் தொடர்களை முழுமையாக இயங்கச் செய்வது கடினமாகையால் முயற்சி மெல்லவே முன்னேறுகிறது. அது கைகூடுமாயின், ஒரு தொன் பஞ்சுக்குப் பதிலாக விரல் நுனியளவு துண்டொன்று போதும்.

ஆனால் அத்துண்டை எடுக்கக் கடலில் பஞ்சு எஞ்சியிருத்தல் வேண்டும். அவுஸ்திரேலியப் பவளப் பாறைத்தொடரில் வாழும் பஞ்சொன்றைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வு இதனை உணர்த்துகிறது. நீரின் வெப்பம் 31 பாகை வரையில் அதன் குடிகள் மாறவில்லை. 33 பாகையை எட்டியதும் குடிகளின் கூட்டம் விரைந்து குலைந்தது, பஞ்சின் உடலும் அழுகத் தொடங்கியது. இரண்டே பாகை வேறுபாட்டில் ஒரு குடும்பம் கலைந்துவிடுகிறது. படிக்கப்படாத ஏடுகளை இவ்வாறு தீக்கிரையாக்குவது எவர்க்கு இலாபம்?

உரிமை பற்றிய வினாவும் உண்டு. 1906இல் மன்னார் முத்துப்பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. குத்தகைக் காலம் முடியுமுன்பே அக்கம்பனி நொடித்துப்போயிற்று, பார்களும் முன்போல் விளையவில்லை. 1992இல் எழுந்த உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிர்வளத்தின் மீது அந்நாட்டுக்கே இறைமை உண்டெனக் கூறுகிறது. பயனைப் பகிரும் முறையை 2010இல் நிறைவேறிய நகோயா நெறிமுறை வகுத்தது. ஆயினும் தன் கடலில் யாது உளது என்பதை அறியாத நாட்டுக்கு எந்தச் சட்டமும் முழுப்பயன் தாராது. டெண்டி பெயரிட்டுச் சென்ற பஞ்சுகளின் உள்ளே வாழ்வோரையும் பெயரிட்டு அறிவது, நுணுக்குக்காட்டியைக் கையிலேந்தும் இன்றைய இலங்கை மாணவர்க்குக் காத்திருக்கும் பணியாகும்.