பரணில் போட்டதும் ஏலத்தில் எடுப்பதும்



இணையத்து ஏலத்திலே பழம்பொருள் வாங்குவது, பழமையின் மேல் வைத்த பற்றா, பணத்தால் வந்த பித்தா? எங்கள் அணி, பித்து. நான் முதல்லயே சொல்லிடறேன், பழைய பொருளுக்கு நான் எதிரி இல்ல. தமிழாசிரியன் ஐயா நான்! எங்க பொழைப்பே பழசுதான். (சிரிப்பு)

ஏலம்கிற சொல்லை எடுத்துக்குங்க. சமையல்கட்டில இருக்கிற ஏலம் நம்ம சரக்கு. ஆனா விலை கூறி விற்கிற இந்த ஏலம் இருக்கே, அது போர்ச்சுக்கீசியர் வழியா நம்ம பேச்சுக்குள்ள வந்த சொல். கப்பல்ல வந்தது, கரையேறினது, கணினிக்குள்ளேயும் போயிடுச்சு. 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் ஓர் ஏலத்தளம் தொடங்கினார். பின்னாளில் ஈபே என்று உலகமே சொன்னது அதைத்தான். அதிலே முதன்முதல் விற்ற பொருள் என்ன தெரியுமா? உடைஞ்சுபோன ஒரு லேசர் விளக்கு! 14 டாலர் 83 சென்டுக்குப் போச்சு. உடைஞ்சதைக் காசு கொடுத்து வாங்கின அன்னைக்கே எங்க அணி ஜெயிச்சாச்சு நடுவர் அவர்களே. (கைதட்டல்)

எதிரணி அம்மா உருக்கமா பேசினாங்க. "பாட்டி வீட்டு ஈயச்சொம்பைத் தேடி வாங்குறாங்களே, அது பாசம் இல்லையா?"ன்னு கேட்டாங்க. அம்மா, அந்தச் சொம்பு எப்படி வீட்டை விட்டுப் போச்சு, அதைச் சொல்லலையே! எவர்சில்வர் வந்த காலம். உத்தர வீதியில், சித்திரை வீதியில் பாத்திரக்காரர் குரல் கேட்டதும் பரண்ல இருந்த பித்தளை அண்டா, வெங்கலப்பானை, ஈயச்சொம்பு எல்லாம் திண்ணைக்கு வந்துடுச்சு. "ஈயம் பூச ஆள் இல்ல, புளி போட்டுத் தேய்க்கக் கையில தெம்பில்ல"ன்னு சொல்லி, பழசை எடைக்குப் போட்டு, பளபளன்னு நாலு தூக்கு வாங்கினாங்க. பேரன் அமெரிக்கா போனான். போனவனுக்குப் பாட்டி ரசம் ஞாபகம் வந்துச்சு. இப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருந்து, அதே மாதிரி ஒரு சொம்புக்கு ஏலம் கேட்கிறான். விலை, அனுப்புற கூலி, அதுக்கு மேல சுங்கவரி. பாட்டி எடைக்குப் போட்ட காசில இந்தப் பெட்டிக்கு அட்டை கூட வாங்க முடியாது!

சிரிக்கிறோம். சிரிக்க முடியாத ஒரு சங்கதி இதுல இருக்கு. தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்கணும். ஈயம்னு தமிழ்ல ரெண்டு உண்டு. வெள்ளீயம் ஒண்ணு, காரீயம் ஒண்ணு. ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிடும். அதனாலதான் தண்ணி ஊத்தாம அதை அடுப்பில ஏத்தக் கூடாதுன்னு பாட்டி சத்தம் போடுவாங்க. காரீயம் நஞ்சு. புளித்தண்ணி பட்டால் கரைஞ்சு சாப்பாட்டில இறங்கும், குழந்தைகளோட மூளை வளர்ச்சியையே கெடுக்கும். படத்துல ரெண்டும் ஒரே வெள்ளை, ஒரே பளபளப்பு! கையில எடுத்தா வித்தியாசம் தெரியும். காரீயம் கனக்கும், வெள்ளைத் தாளில் இழுத்தால் சாம்பல் நிறத்தில் கோடு விழும். ரெண்டையும் கலந்து வார்த்திருந்தா அதுவும் போதாது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகணும். "நூறு வருஷத்துப் பழமை"ன்னு எழுதியிருக்கிற படத்தைப் பார்த்து வாங்கி அதுல ரசம் வைக்கலாமா? அலமாரியில வைங்க, அடுப்பில வைக்காதீங்க.

இந்த ஏலம் எப்படி நடக்குதுன்னும் பார்க்கணும். விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு எலுமிச்சம்பழம் ஏலம் விடுவாங்க. ஒத்தைப் பழம் ஆயிரக்கணக்கில போகும். அது பித்தான்னு கேட்டா, இல்லைம்பேன்! கேட்கிறவன் யாருன்னு ஊருக்குத் தெரியும், பணம் கோயிலுக்குப் போகுதுன்னும் தெரியும். இணையத்தில அப்படியா? "நான் அதிகபட்சம் இவ்வளவு தருவேன்"னு நீங்க இயந்திரத்துக்கிட்ட சொல்லி வைக்கிறீங்க. அது உங்களுக்காகப் படிப்படியா ஏத்திக்கிட்டே போகும். எதிர்ல ஏத்துறவர் யாரு? நிஜமான ரசிகரா, விற்கிறவரோட மைத்துனரா? (சிரிப்பு) மைத்துனர்னு சும்மா சொல்லல. விற்கிறவரே ஆள் வெச்சு விலையை ஏத்துறது உலகம் பூரா இருக்கிற பழைய தந்திரம். ஏலத்தளங்களே அதுக்குத் தடை போட்டிருக்கு. தடை போட்டிருக்குன்னாலே, நடக்குதுன்னு அர்த்தம். கடைசிப் பத்து வினாடி இருக்கும்போது கை நடுங்கும் பாருங்க, அங்கே பொருள் மறந்துபோகும், எதிராளியைத் தோற்கடிக்கணும்கிறது மட்டும் நிற்கும். இதைப் பற்றுன்னு எந்த அகராதியில போடுறது?

எம்.கே.டி. பாகவதர் இந்தத் திருச்சியில வளர்ந்தவர். 1944இல் வந்த ஹரிதாஸ், சென்னையில் மூணு தீபாவளி கண்ட படம். அவர் குரலை 78 சுற்று இசைத்தட்டில் கேட்கணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டா, நான் கும்பிடுறேன். தட்டு வாங்கினார். அரக்குத் தட்டு, தபால்ல வந்தது, ரெண்டா வந்தது. சரி, பெட்டி? பித்தளைக் குழலோட, நாய்ப்படத்தோட, வெல்வெட்டு மாதிரி மினுமினுன்னு ஒரு கிராமபோன். பாதிக்குப் பாதி புதுசா செஞ்ச பொம்மைகள்! பழைய இயந்திரம் ஒண்ணு, புதுக் குழல் ஒண்ணு, நேத்து அடிச்ச நாய் ஒண்ணு. எண்கோணப் பெட்டியில கிராமபோன் பார்த்தீங்கன்னா ஓடிப்போயிடுங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூத்து. "உங்க வீட்டுல பழைய அஞ்சு ரூபாய் நாணயம் இருக்கா, 786ன்னு முடியிற நோட்டு இருக்கா, லட்சக்கணக்கில எடுத்துக்கிறோம்"னு செய்தி வரும். நம்பி எண்ணைக் கொடுத்தா, முதல்ல கமிஷன் கட்டு, வரி கட்டுன்னு ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே வசூல் பண்ணுவாங்க. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது, நாங்க இந்த வியாபாரத்துல இல்ல, எந்தக் கட்டணமும் கேட்கிறதில்லன்னு. உண்டியலை உடைச்ச பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைங்க.

எதிரணி நண்பர் காந்தியைக் கொண்டுவந்தார். 2009இல் நியூயார்க் ஏலத்தில் காந்தியடிகளின் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், கிண்ணம், தட்டு எல்லாத்தையும் 18 லட்சம் டாலருக்கு விஜய் மல்லையா எடுத்தாரே, அது தேசபக்தி இல்லையான்னு கேட்டார். ஐயா, மதுவிலக்குக்காகப் போராடினவர் பொருளை மதுபான அதிபர் மீட்கிறார். அந்த ஒரு காட்சிக்கு மேல நான் என்ன வாதம் பண்றது? (பலத்த கைதட்டல்) 2020இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்து ஏலக் கம்பெனி ஒன்றில், காந்தியின் கண்ணாடி ஒண்ணை யாரோ உறைக்குள்ள போட்டுத் தபால் துவாரத்துல செருகிட்டுப் போயிருந்தாங்க. பாதி வெளியே தொங்கிக்கிட்டிருந்தது. 15,000 பவுண்டு போகும்னு நினைச்சாங்க, போனது 2,60,000 பவுண்டுக்கு. அந்த மூக்குக்கண்ணாடி மாறல. விலை மட்டும்தான் கூடுச்சு.

இனி நான் சிரிக்காம பேசணும். ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இந்த வியாபாரம் புதுசு இல்ல. ரஷ்ய மகாராணி காதரினுக்கு ஓர்லோவ் பிரபு கொடுத்த வைரம், 189 காரட்டுக்கு மேல, கிரெம்ளினில் இருக்கு. அரங்கன் கோயிலிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் திருடினது அதுதான்னு ஒரு கதை. கதை நிஜமோ இல்லையோ, நிஜமாவே நடந்தது ஒண்ணு பக்கத்துலேயே இருக்கு. ஸ்ரீபுரந்தான். இன்னைக்கு அரியலூர் மாவட்டம், பழைய ஒன்றுபட்ட திருச்சி மாவட்டம். பூட்டிக் கிடந்த சிவன் கோயிலிலிருந்து சோழர் காலத்து நடராசர் 2006இல் களவு போனார். ஊருக்குத் தெரிஞ்சது 2008இல். அதே 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1970 வாக்கிலேயே இந்தியாவை விட்டுப் போனதா போலிக் காகிதம்! 2014 செப்டம்பரில் திரும்பி வந்தார். விற்ற வியாபாரி சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் சிலை வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. வாங்கினவங்க படிச்ச மேதைகள், நடுவர் அவர்களே. அருங்காட்சியகத்துக்காரங்க. பற்று இல்லாதவங்களா? "இது யாருடையது?"ன்னு ஒரு கேள்வி கேட்கல.

1972ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு. நூறு வருஷம் தாண்டின சிலை, ஓவியம், நாணயம் எல்லாம் தொல்பொருள். சுவடின்னா 75 வருஷம் போதும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. உள்நாட்டுல வியாபாரம் பண்ணணும்னாலும் உரிமம் வேணும். ஓலைச்சுவடிங்கும்போது எனக்கு வயிறு எரியுது. ஆடிப்பெருக்குக்கு ஏடுகளை ஆத்துல விட்ட கொடுமையை உ.வே.சா. வருந்தி எழுதியிருக்கார். இன்னைக்கு ஆத்துல விடறதில்ல. கட்டைப் பிரிச்சு ஏடு ஏடா விற்கிறாங்க, சட்டம் போட்டு வரவேற்பறையில மாட்ட. ஆத்துல போனாலாவது மொத்தமாப் போகும். உங்க பரண்ல ஒரு கட்டு இருந்தா, தஞ்சை சரசுவதி மகாலுக்கோ, சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்க.

"சேகரிப்பவன் காப்பாத்துறான்"னு எதிரணி சொல்லுது. யார் காப்பாத்துறது? திருமங்கையாழ்வாரைப் பாருங்க. நாகப்பட்டினத்துப் பொன்னைக் கொள்ளையடிச்சு அரங்கனுக்கு மதில் கட்டினவர்னு குருபரம்பரைக் கதை சொல்லுது. அப்பேர்ப்பட்டவரையே கொள்ளையடிச்சாங்க! கும்பகோணத்துப் பக்கம் சுந்தரப்பெருமாள்கோவிலில் இருந்த அவருடைய வெண்கலத் திருமேனி, 1967இல் லண்டன் சதபி ஏலத்தில் ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போச்சு. அவரைக் காட்டிக் கொடுத்தது கோடீஸ்வரன் இல்ல. 1957இல் கோயிலில் வெச்சு எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்! புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துத் தொகுப்பில் இருந்தது. 2019இல் ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்டது. 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் திருப்பித் தர இசைஞ்சது. 57 வருஷம். ஒரு படச்சுருள் செஞ்ச வேலை ஐயா இது.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஹெச்.எம்.டி. மாதிரி தெரியுது. 1961இல் பெங்களூரில் தொடங்கி, 2016இல் மூட முடிவெடுத்த கம்பெனி. மூடினதும் சாவி கொடுக்கிற வாட்சுக்கு இணையத்துல ஏக கிராக்கி. பச்சை, மஞ்சள், கிளிப்பச்சைன்னு முகம் பளபளன்னு இருந்தா அது பம்பாயில மறுபடி வர்ணம் அடிச்சது. உங்களது வெளிறி, கீறல் விழுந்து, கொஞ்சம் மெதுவா ஓடுது. அசல்தான் ஐயா! விற்கிறதா இருந்தா எதிரணிக்கிட்ட கேளுங்க. எனக்கு அது ரெண்டு நிமிஷம் அதிகமாக் கொடுத்ததுக்கு நன்றி.