வேக்கம் பம்ப் ஓடுகிற நேரம்



பச்சைமலைப் பக்கம் அரும்பாவூரும் பூலாம்பாடியும் அக்கம்பக்கத்து ஊர்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பியின் உளிக்கு உள்ள மரியாதையைப் பூலாம்பாடி மாடியில், சித்திரை வெயிலில், ஏசியின் வெளி யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும் மெக்கானிக்கின் ஸ்பேனருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏசி அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அள்ளுவது தாமிரக் குழாய்க்குள் ஓடும் கேஸ். புது ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. திறந்த காற்றில் விட்டால் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலிங் காயிலில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தைக் குடித்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி, வெயிலைவிடச் சூடாக்கி, வெளி யூனிட்டிலுள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. வெயிலைவிடச் சூடாக இருப்பதால்தான் 40 டிகிரி அடிக்கிற மத்தியானத்திலும் வெப்பத்தை வெளியே விட முடிகிறது. அங்கே திரவமாகி, குறுகலான கேபிலரிக் குழாய்க்குள் நுழைந்து, அழுத்தம் இறங்கி, மறுபடி காயிலுக்கு வருகிறது.

'ஒன்றரை டன்' என்கிறோமே, அது பெட்டியின் எடை அல்ல. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியைச் சேமித்தார்கள். அப்படிக் குளிர்ச்சியை ஐஸை வைத்தே அளந்த காலத்தின் கணக்குதான் இந்த 'டன்'. சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன்.

இனி மெக்கானிக்கிடம் வருவோம். "கேஸ் தீர்ந்துபோச்சு, அடிச்சுட்டுப் போப்பா" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல இது தீராது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் அடிப்பவர் வந்த வேலையைச் செய்யவில்லை. நல்ல கைக்காரர் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குனிந்து பார்ப்பார். பெரும்பாலும் ஃப்ளேர் நட் பக்கத்தில்தான் சின்னக் குமிழ் ஒன்று மெதுவாக ஊதிக்கொண்டு வரும். அந்த இடத்தில் குழாயை வெட்டி, வெட்டிய வாயிலுள்ள பிசிறைச் சுரண்டி, மறுபடி புனல்போல் விரிக்க வேண்டும். பிசிறு விட்டால் கசியும். அதிகம் முறுக்கினால் விளிம்பு வெடிக்கும். எவ்வளவு முறுக்குவது என்பது கையில் ஊற வேண்டிய அளவு. மரத்தில் உளி எவ்வளவு இறங்கலாம் என்பதும் அப்படித்தானே.

அதன் பிறகு வேக்கம். குழாயில் மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். ஈரம் தங்கினால் கேபிலரியில் ஐஸாகி அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரையே அரிக்கும். அவசரக்காரர்கள் பம்ப் வைக்காமல், கொஞ்சம் கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். பழைய ஆர்-22 காலத்துப் பழக்கம் அது. அன்றைக்கே தவறு; ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது என்பதால் இன்றைக்கு ஆபத்தும்கூட. கடைசியில் கேஸைத் தராசில் நிறுத்து, யூனிட்டில் ஒட்டியிருக்கும் அளவுக்கே ஏற்றுவார்கள்.

பம்பை மாட்டிவிட்டு அவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், சும்மா இருக்கிறார் என்று அவசரப்படுத்தாதீர்கள். பம்பை நிறுத்தி, வால்வை மூடி, கேஜில் முள் ஏறுகிறதா என்று பார்க்கப் போகிறார். ஏறினால் இன்னும் எங்கோ ஓட்டை. திரும்பவும் சோப்பு நுரையிலிருந்து தொடங்குவார். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி கேட்கிறார். பேரம் பேசாமல் கொடுங்கள்.