வேயும் குழலும்

இந்தோனேசியாவின் பாலித் தீவிலே மூங்கில் தனித்ததோர் இசைக்குழுவாகவே விளங்குகின்றது. ஊதுங் குழலை அம்மக்கள் சூலிங் என்பர். மூங்கிற் குழாய்களை வரிசையாகக் கட்டித் தட்டி இசைப்பதை ரிண்டிக் என்பர். மேற்குப் பாலியில் வழங்கும் ஜெகோக், பருமூங்கில்களால் ஆன பேரிசைக்குழு. அத்தீவினர் தம் கருவிகள் பலவற்றை இணையிணையாகச் செய்து, ஒன்றற்கொன்று நூலளவு சுருதி வேறுபட அமைப்பர். இரண்டும் சேர்ந்தொலிக்கும்போது எழும் அதிர்வுக்கு ஓம்பக் என்று பெயர். அலை என்பது அதன் பொருள். கடல் சூழ்ந்த மக்கள் தம் இசைக்குரிய சொல்லைக் கடலிலிருந்தே எடுத்தனர்.

நம் முன்னோர் எங்கிருந்து எடுத்தனர்? மூங்கிலுக்கு வேய், கழை, அமை, பணை எனப் பல பெயர்கள் உள. வேயாற் செய்தது வேய்ங்குழல். அகநானூற்றின் 82ஆம் பாட்டிலே, அசையும் மூங்கிலில் வண்டு துளைத்த துளைகளின் வழியே மேல்காற்றுப் புகுந்து குழலிசையாவதைக் கபிலர் காட்டுகின்றார். நாம் கச்சான் என வழங்கும் காற்றே அது. குழல் செய்தற்குரியவற்றுள் சந்தனமும் வெண்கலமும் கருங்காலியும் இருப்பினும், மூங்கிலே தலைசிறந்தது என்பது சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் கருத்து.

அச்சிலம்பிலே, தீய நிமித்தங்களைக் கண்டு அஞ்சிய ஆய்ச்சியர் குரவையாடுகின்றனர். மாயவனின் குழலை அவர்கள் கொன்றை, ஆம்பல், முல்லை என மூன்று பெயர்களாற் பாடுகின்றனர். இவற்றைக் கருவியின் பெயர் என்பாரும், பண்ணின் பெயர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், மூன்றும் மண்ணிலும் நீரிலும் மலர்வன.

கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் அவ்வாயர்களே. நம் வற்றாப்பளைத் தலவரலாற்றிலும், நந்திக்கடலோரத்தில் மூதாட்டி வடிவில் வந்த அம்மனுக்குப் பொங்கிப் படைத்தவர்கள் மாடு மேய்த்த சிறுவர்களே. எண்ணெய் இல்லாதபோது கடல்நீரிலே விளக்கேற்றச் செய்தாள் என்பது ஐதிகம். வைகாசிப் பொங்கலில் இன்றும் உப்புநீரில் விளக்கெரிகின்றது. ஆதலின் குழலின் சொற்கள் முல்லைத்தீவுக்குப் புறம்பானவை அல்ல.

அண்மையில் 7ஆந் தர மாணவரிடம், "வேய் என்பது யாது?" என வினவினேன். "கூரை வேய்தல், சேர்" என்றனர். அவ்விடை பிழையன்று. 2009ஆம் ஆண்டுப் பேரழிவின் பின் ஊர்திரும்பிய அவர்தம் பெற்றோர்க்கு முதலில் வேண்டியது கூரையே. ஆயினும் அச்சொல்லின் மற்றைப் பொருள் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடலாகாது. பொருளை எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது என்றெண்ணி, குழலூதும் ஒருவரை வகுப்புக்கு அழைத்துவந்தேன். அவர் ஊதி முடித்ததும், கடைசி வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன், "சேர், உள்ளே ஒன்றுமே இல்லையே!" என்றான். குழலைக் கையில் வாங்கி, துளைவழியே உற்றுநோக்கிக்கொண்டிருந்தான்.

பெற்றோரே, ஆசிரியர்களே, குழல் என்னும் சொல்லைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, ஒருமுறையேனும் அதன் ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். கூரை வேய்ந்தாயிற்று, இனி அதன்கீழ் வேய்ங்குழலும் ஒலிக்கட்டும்.