மீன் தொட்டியும் மெல்லொளியும்



வீட்டுக் கூடத்திலும் பள்ளியின் அறிவியல் அறையிலும் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இன்று பரவலாகிவிட்டது. நீரை மாற்றுவது எங்ஙனம், இரை இடுவது எங்ஙனம் என்பவற்றைப் பலரும் கேட்டு அறிந்துகொள்கின்றனர். ஆனால், தொட்டிக்கு விளக்கு ஏற்றும் முறையைக் கேட்பவர் அரியர். விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது; இதில் கற்க என்ன இருக்கிறது என்று எண்ணுகிறோம். கற்க நிரம்ப இருக்கிறது என்பதையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் மீனின் கண்ணை நோக்குவோம். இருட்டறையில் திடீரென விளக்கு எரிந்தால் நாம் இமைகளை மூடிக்கொள்கிறோம். நம் கண்ணின் பாவையும் உடனே சுருங்கிவிடுகிறது. மிகுந்த ஒளியைத் தடுக்க இயற்கை நமக்குத் தந்த இரு கதவுகள் இவை. நாம் தொட்டியில் வளர்க்கும் மீன்களுக்கு மூடித் திறக்கும் இமைகள் இல்லை. அவற்றின் பாவையும் பெரும்பாலும் ஒரே அளவாகவே நிற்கிறது.

ஆயின், ஒளியின் மாற்றத்தை அவை எவ்வாறு தாங்குகின்றன? அந்த வேலை விழித்திரைக்குள்ளேயே நடக்கிறது. மங்கிய ஒளியில் காண்பதற்குக் கோல் அணுக்களும், மிக்க ஒளியில் நிறம் காண்பதற்குக் கூம்பு அணுக்களும் அங்கே உள்ளன. பகலொளி வந்ததும் கருநிறத் துகள்கள் பரவிக் கோல் அணுக்களைப் போர்த்துகின்றன. கூம்பு அணுக்கள் ஒளியை நோக்கி முன்வருகின்றன. இரவில் இந்த ஏற்பாடு தலைகீழாக மாறுகிறது. இவ்விடமாற்றம் நொடியில் முடிவதன்று. நிறைவுறப் பல நிமிடங்கள், சில வேளை அரைமணி நேரமும் ஆகும்.

ஆற்றிலும் குளத்திலும் இந்தத் தாமதம் ஒரு குறையன்று. நிறைமதியின் ஒளி 1 லக்ஸ் அளவுக்கும் குறைவு. நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இத்துணைப் பெரிய இடைவெளியை இயற்கை படிப்படியாகவே கடக்கிறது. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளிற்கூட, விடியல் வெளிச்சம் தெளிவாகப் புலப்படத் தொடங்கிய பின் ஞாயிறு எழுவதற்கு 20 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. நாமோ விரல் அசைவில் இரவைப் பகலாக்கிவிடுகிறோம்.

அவ்வேளையில் மீன் திடுக்கிட்டு ஓடுகிறது. அந்த ஓட்டம் அது எண்ணிப் பார்த்துச் செய்வதன்று. மீனின் பின்மூளையில் மாத்னர் அணுக்கள் எனப்படும் இரண்டு பெரிய நரம்பணுக்கள் உள்ளன. அதிர்வு போன்றவற்றால் அவை தூண்டப்பட்டதும் மீனின் உடல் வில்போல் வளைந்து, மறுகணம் பாய்ந்து விலகுகிறது. ஆற்றில் கொக்கின் அலகிலிருந்து உயிர் தப்ப இத்தகைய பாய்ச்சல் உதவுகிறது. தொட்டியிலோ இரண்டு சாண் தொலைவில் கண்ணாடி நிற்கிறது.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், அறிவியல் அறைத் தொட்டியின் அருகே ஒரு நாட்காலை சிறு மீனொன்று தரையில் உலர்ந்து கிடந்தது. ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அதை ஒரு தாளில் ஏந்தி வந்து, “ஐயா, தண்ணீரில்தானே இது வாழும்? பின் ஏன் வெளியே குதித்தது?” என்று கேட்டான். விடையை நானே கூறியிருக்கலாம். எனினும், கேட்டு அறிவதினும் கண்டு அறிவது நிலைக்கும் என்பது ஆசிரியப் பணியில் நான் தெளிந்த உண்மை. ஆதலின் அவனையும் அவன் தோழர் மூவரையும் காலையில் முன்னதாக வந்து பார்க்கச் சொன்னேன்.

முதல் வாரம், கதவைத் திறந்ததும் விளக்கை ஏற்றும் வழக்கத்தை மாற்றாமல் பார்த்தனர். மீன்கள் நாற்புறமும் சிதறிக் கண்ணாடியில் மோதின. ஒன்றிரண்டு நீர்மட்டத்துக்கு மேலும் துள்ளின. மறு வாரம் முதலில் சன்னல்களைத் திறந்துவைத்து, அரைமணி கழித்து விளக்கை ஏற்றினர். மீன்கள் நின்ற இடத்திலேயே துடுப்பசைத்து நின்றன. சிறுவன் தன் வினாவுக்குரிய விடையைத் தன் கையாலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

நீங்கள் மேற்கொள்ள வேண்டிய முறைகள் எளியன. காலையில் சன்னலொளி அல்லது அறை விளக்கு முந்தட்டும். தொட்டி விளக்கு பிந்தட்டும். இரவில் தொட்டி விளக்கை முதலில் அணைத்து, அறை விளக்கைச் சிறிது நேரம் எரியவிடுங்கள். ஒளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் எல்.இ.டி. விளக்குகள் இப்பொழுது கிடைக்கின்றன. அவை இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை.

ஒளி மேலிருந்தே விழ வேண்டும். மீன்கள் தம் முதுகை ஒளிக்கு நேராக வைத்துக்கொள்ளும் இயல்பின. பக்கத்திலிருந்து ஒளி பாய்ந்தால் அவை சாய்ந்து நீந்தும் என்பதை எரிக் ஃபான் ஹோல்ஸ்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து காட்டினார்.

தொட்டியில் நிழலும் வேண்டும். நியான் டெட்ரா என்னும் அழகிய சிறு மீனின் தாயகம், மரநிழல் படிந்த அமேசான் காட்டு ஓடைகள். கெளிற்றினத்தில் பல, இரவில் இரை தேடுவன. மிதக்கும் செடிகள் சிலவும், கருமணலும், கல்லிடுக்கும் இவற்றுக்குப் புகலிடமாகும்.

இரவு முழுவதும் விளக்கை எரியவிடுதல் தகாது. கண்ணிழந்த மீன்களும் ஒளியை உணர்ந்து உடல் நிறம் மாறுவதைக் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1911ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மூளையின் மேற்புறத்திலுள்ள பீனியல் உறுப்பும் ஒளியை உணரவல்லது. ஆகவே 8 முதல் 10 மணி நேர ஒளி போதும். எஞ்சிய நேரம் அவற்றுக்கு இருளை அளியுங்கள். பாசி மிகுவதும் இதனால் குறையும்.

ஆற்றுமீன் அஞ்சினால் ஆழத்துக்கு ஓடி ஒளியலாம். தொட்டியில் இட்ட அன்றே அந்த வழியை நாம் அடைத்துவிட்டோம். ஆதலின், அது அஞ்சாதபடி காப்பது நம் கடமையாகிறது. கற்கும் மாணவனுக்கு இதில் மற்றொரு பயனும் உண்டு. அஞ்சிய மீனைப் பார்ப்பவன் அதன் அச்சத்தை மட்டுமே காண்கிறான். அமைதியாக உள்ள மீனைப் பார்ப்பவனே அதன் வாழ்க்கையைக் காண்கிறான். நாளைக் காலை தொட்டியின் முன் சற்றுப் பொறுத்திருந்து, பிறகு விளக்கை ஏற்றிப் பாருங்கள்.